சீனியம்மா கோத்த பதினோரு பேர்

வெள்ளைக்காரன் எங்கேயோ கடலுக்கு அங்கிட்டு யாரோடயோ சண்டை போட்டுக்கிட்டு, அந்தச் சண்டைக்கு இங்க நம்மாளுக கையில நூல் நூக்கச் சொல்லிக்கிட்டு இருந்த காலம். அந்தக் காலத்துல ஊசிமேடுன்னு ஒரு ஊரு. ஊருன்னா என்ன ஊரு? ஒரு மில்லு. மில்லைச் சுத்தி ஒரு மதிலு. மதிலைச் சுத்தி மனுசங்க. அம்புட்டுத்தான். சங்கு ஊதுனா எந்திரிக்கணும், சங்கு ஊதுனா ஓடணும், சங்கு ஊதுனா வீட்டுக்கு வந்து விழணும். அப்படி ஒரு ஊரு.

அந்த ஊர்ல சீனியம்மான்னு ஒரு பொம்பளை இருந்தாளாம். பேருலதான் சீனி. வாயைத் தொறந்தா மொளகா. குழாயடியில அவ குடத்துக்கு முன்னால எவ குடமாவது இருந்துச்சுன்னா அன்னிக்குத் தெரு ரெண்டாயிரும். "சீனியம்மாகிட்ட நாயம் பேசுறதுக்கு ரயிலை நிறுத்திப் பேசிறலாம்"னு ஆளுக சொல்வாகளாம்.

அவ புருசன் பேரு சங்கையா. அவரு வாயே தொறக்க மாட்டாரு. பேசுறதை எல்லாம் எழுதிப்புட்டா அப்புறம் பேசுறதுக்கு என்ன இருக்கும்? எழுதுனாரு. 'கொட்டாப்புளி'ன்னு ஒரு பத்திரிகை. வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை நாலு பக்கம். அச்சாபீசுல ஈய எழுத்தை எல்லாம் அடுக்கி முடிச்ச பெறகு, ஒண்ணு ஏறி ஒண்ணு எறங்கி நிக்காம இருக்க ஒரு மரச்சுத்தியலால தட்டி மட்டப்படுத்துவாக. அதுதான் கொட்டாப்புளி. "ஏறி நிக்குறவனைத் தட்டி, எல்லாரையும் ஒரே மட்டத்துல நிறுத்துறதுதான் நம்ம சோலி"ன்னு மொதப் பக்கத்துலயே போட்டிருப்பாராம் சங்கையா. ஆசிரியரும் அவருதான், எழுத்துக் கோக்குறவரும் அவருதான், மிஷினை மிதிக்குறவரும் அவருதான்.

பத்து மணி நேரம் வேலை வாங்குறதை எழுதுனாரு. மேஸ்திரி பொம்பளைப் பிள்ளைக கையில பெரம்பால அடிச்சதை எழுதுனாரு. மில்லு உழைக்குறவனுக்குச் சொந்தம்னு எழுதுனாரு. நம்ம நூலை எடுத்து எவன் சண்டைக்குச் சட்டை தைக்குறான்னு எழுதுனாரு. எழுதுனா சும்மா விடுவானுகளா?

சீனியம்மா புருசனுக்கு ஒத்தாசையா எழுத்துக் கோத்துக் கோத்துப் படிச்சவ. பள்ளிக்கூடம் போகலை, சிலேட்டைத் தொடலை. ஈய எழுத்து தலைகீழா, எடது வலது மாறித்தானே இருக்கும்? அப்படியே படிச்சுட்டா. அதனால ஒரு வேடிக்கை. தாளுல இருக்குற தமிழைக் காட்டுனா எழுத்துக்கூட்டி, தட்டுத் தடுமாறித்தான் வாசிப்பாளாம். அதையே ஈயத்துல காட்டுனா கடகடன்னு வாசிப்பாளாம்.

சண்டை வந்துச்சு. சண்டையோட ஒரு உத்தரவும் வந்துச்சு. எந்தப் பத்திரிகையா இருந்தாலும் அச்சடிக்குறதுக்கு முந்தி புரூஃப் எடுத்துச் சர்க்காருக்குக் காட்டணும். பாத்து முத்திரை குத்திக் குடுத்தாத்தான் அச்சடிக்கலாம். அதுக்குன்னு ஊசிமேட்டுத் தாலுக்காபீசுல ஒரு ஆளை உக்கார வச்சாக. தர்மலிங்கம்னு பேரு. சென்சார் தர்மலிங்கம். நம்ம ஊர்க்காரன்தான், நம்ம தமிழ் பேசுறவன்தான். வெள்ளைக்காரனுக்குத் தமிழ் தெரியாதுல்ல? அவனுக்குக் கண்ணா இருக்குறதுக்கு நம்மள்லயே ஒருத்தன் வேணும்ல? அந்த ஒருத்தன்தான் இவன்.

அவன் கையில ஒரு நீலப் பென்சிலு. 'அரிசி கிடைக்கலை'ன்னு இருந்தா ஒரு கோடு. 'கூலி பத்தலை'ன்னு இருந்தா ஒரு கோடு. ஒருவாட்டி, 'மழை இல்லை'ன்னு இருந்ததுக்கும் கோடு போட்டானாம்.

"ஐயா, மழை பெய்யாததுக்குச் சர்க்கார் என்ன பண்ணும்? இதை ஏன் அடிக்கிறீக?"ன்னு சங்கையா கேட்டாராம்.

"பஞ்சம் வரும்னு ஜனங்க பயப்படும். பயந்தா பட்டாளத்துக்கு ஆள் வராது. போய்யா"ன்னானாம்.

சங்கையா பாத்தாரு. அடிச்ச எடத்தை எல்லாம் வெள்ளையா விட்டே அச்சடிச்சாரு. ஒரு பத்தி எழுத்து, ஒரு பத்தி வெள்ளை. ஜனம் என்ன பண்ணுச்சு தெரியுமா? வெள்ளையைத்தான் மொதல்ல பாத்துச்சாம். "இந்த வாரம் வெள்ளை ஜாஸ்தியா இருக்கேப்பா, என்னமோ பெருசா நடந்திருக்கு"ன்னு பேசிக்கிட்டாகளாம். அது தெரிஞ்சதும் அடுத்த உத்தரவு வந்துச்சு. வெள்ளையும் விடக்கூடாது. அடிச்ச எடத்துல சர்க்கார் குடுக்குற சண்டைச் சேதியைப் போட்டு ரொப்பணும். பேசவும் கூடாது, பேசாம இருக்கவும் கூடாது. அப்படி ஒரு ராச்சியம்.

இப்படி இருக்குறப்பத்தான் அது நடந்துச்சு.

மில்லுல பஞ்சு அடிக்குற கொட்டகை ஒண்ணு உண்டு. உள்ள நிக்குற ஆளுக வெளிய போய்ப் போய் வருதுன்னு மேஸ்திரி கதவை வெளிய இருந்து பூட்டி, சாவியை இடுப்புல சொருகிக்குவான். அன்னிக்கு மத்தியானம் மிஷின்ல பொறி பறந்துச்சு. பஞ்சுல பொறி விழுந்தா கேக்கவா வேணும்? கொட்டகை ஒரே பொகை. உள்ள பதினோரு பேரு. ஏழு பொம்பளைப் பிள்ளைக, நாலு ஆம்பளைக. கதவைத் தட்டுற சத்தம் மதிலுக்கு வெளிய கேட்டுச்சாம். மேஸ்திரி சாப்பிடப் போயிருந்தான். சாவி அவன் இடுப்புல. சாவி வந்து சேந்தப்ப, தட்டுற சத்தம் நின்னுபோச்சு.

பதினோரு பேருல ஒருத்தி ராக்கு. சீனியம்மா கூடப் பெறந்த தங்கச்சி. பதினேழு வயசு.

ஜனம் மில்லு வாசல்ல போய் விழுந்துச்சு. கேட்டைத் தொறக்கலை. போலீசு வந்துச்சு. எரிஞ்சு போனவுகளை லாரியில ஏத்தி, தார்ப்பாயைப் போட்டு மூடி, ஆத்துக்கு அங்கிட்டு எங்கேயோ கொண்டு போயிட்டாக. ஒரு பிடி சாம்பல் எந்த வீட்டுக்கும் வரலை. மறுநாள் மில்லு வாசல்ல நின்னு இன்ஸ்பெக்டர் சொன்னானாம்: "தீயும் இல்ல, ஒண்ணும் இல்ல. சண்டைக்கு நூல் போற மில்லு இது. தீப்பிடிச்சுச்சுன்னு எவனாவது பேசுனா எதிரிக்குத் துப்புக் குடுத்த கேசுல உள்ள வைப்பேன்."

"அப்ப எங்க பிள்ளைக எங்கடா?"ன்னு நல்லாயின்னு ஒருத்தி கத்துனாளாம். அவ மக பேச்சியும் அந்தப் பதினொண்ணுல ஒருத்தி.

மில்லு ரிஜிஸ்தரைக் கொண்டுவந்து காட்டுனாக. பதினோரு பேருக்கும் அன்னிக்கு ஆப்சென்ட். வேலைக்கே வரலையாம். அதோட விட்டானுகளா? ரெண்டு நாளுல ஊருக்குள்ள ஒரு பேச்சைக் கிளப்பி விட்டானுக. ஏழு பொம்பளைப் பிள்ளைகளும் அந்த நாலு ஆம்பளைகளோட சிலோனுக்கு ஓடிப்போச்சாம். கங்காணி கூட்டிட்டுப் போனானாம். ரயிலடியில பாத்தவன் இருக்கானாம். கருகிச் செத்த பிள்ளைக மேல இப்படி ஒரு சொல்லு. ஊருக்குள்ளயே அதை நம்பினவனும் இருந்தான், அதுதான் கொடுமை. பேச்சி தங்கச்சிக்குப் பேசியிருந்த சம்பந்தம் நின்னுபோச்சு.

சங்கையா பதினோரு பேரையும் எழுதுனாரு. சீனியம்மா கோத்தா. தங்கச்சி பேரையும் மத்தப் பேரு மாதிரியே ஒரே வேகத்துல கோத்தான்னு சொல்வாக. புரூஃபை எடுத்துக்கிட்டுப் புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் தர்மலிங்கத்துக்கிட்டப் போனாக.

அவன் வாசிச்சான். நீலப் பென்சிலை எடுத்தான். பேரு பேரா அடிச்சான். ராக்கு பேருகிட்ட வந்தப்ப சீனியம்மா மேசையில கையை வச்சா.

"அது என் தங்கச்சி."

"அவ அன்னிக்கு வேலைக்கே வரலை. ரிஜிஸ்தர்ல இருக்கு."

"வரலையா? காலையில தூக்குச்சட்டியில நான் சோறு போட்டுக் குடுத்தேன். வாங்கிட்டுப் போனாளே!"

தர்மலிங்கம் சிரிச்சானாம். "அப்ப சோத்தோட ஓடியிருக்கா. வழியில பசிக்கும்ல"ன்னானாம்.

சொல்லிக்கிட்டே அந்தப் பேரு மேலயும் கோடு போட்டான்.

குழாயடியில அம்புட்டுச் சண்டை போட்டவ, மேசையில வச்ச கையை எடுத்துக்கிட்டா. அந்தக் கோட்டையே பாத்துக்கிட்டு நின்னாளாம். சங்கையாதான் பேசுனாரு. வாயே தொறக்காத மனுசன். "அடிங்க ஐயா. அடிச்சாலும் வெள்ளிக்கெழமை வரும்"னாரு.

வெள்ளிக்கெழமை வரலை. வியாழக்கெழமையே போலீசு வந்துருச்சு. எழுத்துப் பெட்டியை எல்லாம் கவுத்தாக. எத்தனையோ வருசமாச் சேத்த எழுத்து தரையில சோளம் கொட்டுன மாதிரிக் கெடந்துச்சு. பூட்ஸ் காலால மிதிச்சாக. மிஷினை ஒடைச்சாக, கதவுல சீல் வச்சாக. சங்கையாவைக் கையில விலங்கு மாட்டி இழுத்துட்டுப் போனாக. கேசு கெடையாது, கோர்ட்டு கெடையாது. சண்டை முடியுற வரைக்கும் உள்ள. வடக்கே எங்கேயோ ஒரு ஜெயிலு.

ஊர்ல மிச்சம் இருந்தது ஒரே ஒரு அச்சாபீசு. சிங்கராயர் அச்சாபீசு. சிங்கராயர் பொல்லாதவரு கெடையாது, பயந்தவரு. சர்க்கார் நோட்டீசு, பட்டாளத்துக்கு ஆள் சேக்குற நோட்டீசு, கலெக்டர் உத்தரவு எல்லாம் அங்கதான் அச்சாகும். அவருகிட்ட இருந்த எழுத்துக் கோக்குற ஆளு பட்டாளத்துக்குப் போயிட்டான். வேற ஆள் கெடைக்கலை.

புருசனைப் பிடிச்சுட்டுப் போன மூணாம் மாசம், சீனியம்மா அந்த வாசல்ல போய் நின்னாளாம். "எழுத்துக் கோக்கத் தெரியும். வேலை குடுங்க."

சிங்கராயர் தெருவை ரெண்டு பக்கமும் எட்டிப் பாத்தாரு. "உன்னை வச்சா போலீசு என்னைத் தூக்கிரும்மா"ன்னு சொல்லிட்டு, எதுக்கும் கேட்டுருவோம்னு தர்மலிங்கத்துக்கிட்டப் போய்க் கேட்டாரு. அவனுக்குச் சந்தோசம் தாங்கலை. "கொட்டாப்புளிக்காரன் பொண்டாட்டி சர்க்கார் நோட்டீசுக்கு எழுத்துக் கோக்குறாளா? வைய்யா, வைய்யி. ஊரு பாக்கட்டும்"னானாம்.

ஊரு பாத்துச்சு. நல்லாப் பாத்துச்சு. அவ தெருவுல நடந்தா பேச்சு நின்னுபோகும். குழாயடியில அவ குடத்தைக் காலால தள்ளி விட்டாளுக. கடைக்காரன் உப்புக் குடுக்கலை. ஒருநாள் நல்லாயி, சாணிக் கரைசலைக் கொண்டாந்து அவ தலையில ஊத்துனாளாம். "எம்மக செத்த எடத்துல பூட்டுப் போட்டவனுக்கு நீ நோட்டீசு அடிச்சுக் குடுக்குறியாடி? உன் தங்கச்சியும்தானேடி கருகுனா? உனக்குச் சோறு எறங்குதா?"

சீனியம்மா முந்தானையால மூஞ்சியைத் தொடச்சுக்கிட்டு, அதே சாணியோட அச்சாபீசுக்குப் போயிட்டா. வாய்ச் சண்டைக்குப் பேர் போனவ வாயே தொறக்கலைன்னா, உள்ள என்ன இருக்குதுன்னு ஒருத்தராவது யோசிச்சிருக்கணும். யாரும் யோசிக்கலை.

அவ நெனச்சுக்கிட்டுத்தான் அங்க போனாளா, இல்ல போன எடத்துல நெனப்பு வந்துச்சா, அது யாருக்கும் தெரியாது. ரெண்டு விதமாவும் சொல்வாக. வயித்துக்காகத்தான் போனான்னு சொல்றவுகளும் உண்டு. அதுல என்ன தப்பு? வயிறு இல்லாதவ யாரு?

அச்சாபீசுல மிஷின் மிதிக்குறவரு பிச்சை ராவுத்தரு. வயசான மனுசன். அவரு அக்கா மகன் மைதீனும் அந்தக் கொட்டகையிலதான் செத்தான். அவரும் சீனியம்மாகிட்டப் பேச மாட்டாராம். தாளை எடுக்கணும்னா அவளைச் சுத்திப் போய் எடுப்பாராம், நெழலு பட்டுறக் கூடாதுங்குற மாதிரி. எட்டு மாசம் அப்படியே ஓடிச்சு.

எட்டு மாசம் கழிச்சு ஒரு நோட்டீசு வந்துச்சு. பெரிய நோட்டீசு. மில்லுக்குக் கலெக்டர் தொரை வாரான். சண்டை நிதிக்கு மில்லு மொதலாளி பணமுடிப்புக் குடுக்குறான். ஊரு பூராவும் ஒட்டணும். ஆயிரம் தாளு. மேல கிரீடம். நடுவுல, ராச விசுவாசம் உள்ள தொழிலாளர்கள் எல்லாரும் திரண்டு வந்து தொரையை வரவேற்கணும்னு சேதி. அதுக்குக் கீழ, 'இந்தச் சர்க்கார் விளம்பரத்தைக் கிழிப்பவர்கள் ஆறு மாத சிறைத்தண்டனைக்கு உள்ளாவார்கள்.' எல்லாத்துக்கும் அடியில, அழகுக்குப் பூக்கட்டு மாதிரி நீளமா ஒரு கொடி வேலைப்பாடு.

சீனியம்மா கோத்தா. புரூஃப் எடுத்துக் குடுத்தா. தர்மலிங்கம் முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு அனுப்பிச்சான். கூடவே ஏட்டு கந்தப்பனையும் அனுப்பிச்சான், அச்சடிக்குறப்பக் காவலுக்கு.

காலையில மிஷின் ஓட ஆரம்பிச்சுச்சு. ஏட்டு மொதத் தாளை எடுத்து, முத்திரை குத்துன புரூஃபை வச்சுக்கிட்டு, வெரலு வச்சு வரி வரியா ஒத்துப் பாத்தாரு. சரியா இருந்துச்சு. அப்புறம் உள்ள மை நாத்தம் தாங்கலைன்னு வெளிய வேப்பமரத்தடியில நாக்காலியைப் போட்டு உக்காந்தாரு. சிங்கராயர் தாலுக்காபீசுக்குப் போயிருந்தாரு. நூறு தாளு ஓடியிருக்கும். சீனியம்மா மிஷின் பக்கத்துல வந்து நின்னா.

"ராவுத்தரண்ணே. நிறுத்துங்க."

எட்டு மாசத்துல அவருகிட்ட அவ பேசுன மொதப் பேச்சு. அவரு நிறுத்தலை. மூஞ்சியத் திருப்பிக்கிட்டு மிதிச்சாரு.

"அண்ணே, எழுத்தை மாத்தணும். நிறுத்துங்க."

"முத்திரை குத்துனதுல என்ன மாத்தம்?"ன்னாரு ராவுத்தரு. "உன் எசமான் கையெழுத்துப் போட்டதுல தப்பு இருக்குமா?"

சீனியம்மா மடியை அவுத்தா. உள்ள ஒரு துணி முடிச்சு. முடிச்சுக்குள்ள ஈயம். கொஞ்சம் கொஞ்சமாக் கோத்து, நூலால வரிஞ்சு கட்டி, அன்னிக்குத்தான் மடியில வச்சுக் கொண்டாந்தது. இருக்குறதுலயே பொடி எழுத்து. அந்தப் பூக்கட்டுக் கொடி எத்தனை நீளமோ அத்தனை நீளம், எத்தனை ஒசரமோ அத்தனை ஒசரம். அளந்து வச்சிருந்தா.

ராவுத்தரு குனிஞ்சு பாத்தாரு. நாப்பது வருசமா ஈயத்தோட கெடந்த மனுசன், தலைகீழா இருந்தாலும் வாசிச்சுருவாரு. வாசிச்சாரு. மைதீன் பேருகிட்ட வந்ததும் மிஷின் மேல ரெண்டு கையையும் ஊணிக்கிட்டாரு. காலு தானா நின்னுபோச்சு.

"ஆத்தா"ன்னாரு. அப்புறம் மெல்லக் கேட்டாரு, "மாட்டுனா உன்னைக் கொன்னுருவானுகளே?"

"உங்களைக் கேட்டா, மிதிக்கத்தான் தெரியும், வாசிக்கத் தெரியாதுன்னு சொல்லுங்க. வெளிய ஏட்டு இருக்காரு. மிஷின் சத்தம் ரொம்ப நேரம் நின்னா எந்திரிச்சு வந்துருவாரு. சும்மா மிதிங்க."

தாளு வைக்காம அவரு வெறுமனே மிதிச்சுக்கிட்டே இருக்க, தாளை அழுத்துற தட்டு எழுத்துல படாமத் தள்ளிப் பிடிச்சுக்கிட்டு, அவ ஆணியால கொடியை நெம்பி எடுத்துட்டு அந்த எடத்துல பதினோரு பேரையும் எறக்கி முடுக்குனாளாம். அது நடக்கக்கூடிய காரியமான்னு அச்சாபீசு ஆளுக கேப்பாக. நடந்துச்சு. எடது கை நடுவெரலு நசுங்கிப்போச்சு. சத்தம் போடலை.

மிச்சத் தொள்ளாயிரமும் அப்படியே ஓடிச்சு. கட்டுக் கட்டாக் கட்டுறப்ப ஒவ்வொரு கட்டுக்கும் மேல பத்துத் தாளு நல்ல தாளா, கொடி போட்ட தாளா வச்சுக் கட்டுனா. ஏட்டு வந்தாரு. மேல் தாளைப் பாத்தாரு. எடுத்துட்டுப் போனாரு.

விடிஞ்சா கலெக்டர் வாரான். போலீசுக்காரனுகளே பசையைக் கரைச்சுக்கிட்டு ஊரு பூராவும் ஒட்டுனானுக. அவசரத்துல கிரீடம் மேல இருக்கா, கீழ இருக்கான்னு மட்டும் பாத்து ஒட்டுனானுக. மில்லு மதில்ல நீளத்துக்கு ஒட்டுனானுக. தாலுக்காபீசு சுவத்துல ஒட்டுனானுக. தர்மலிங்கம் வீட்டு வாசக் கதவுலயும் ஒட்டுனானுகளாம்.

காலைச் சங்குக்கு ஜனம் வந்துச்சு. மதிலைப் பாத்துச்சு. எழுதப் படிக்கத் தெரிஞ்ச ஒரு ஆளு, சண்டைச் சேதிதானேன்னு சலிப்பா வாசிச்சுக்கிட்டு வந்தவன், கடைசியில நின்னான். குனிஞ்சான். மதிலோட மூஞ்சியை ஒட்ட வச்சுக்கிட்டு, சத்தமா வாசிச்சான்.

"கொட்டகைக் கதவு வெளியே பூட்டியிருந்தது. தீயில் செத்தவர்கள்: ராக்கு. பேச்சி. குருவம்மா. செல்லத்தாயி. இருளாயி. அந்தோணியம்மா. சின்னப்பொண்ணு. கோட்டைச்சாமி. மைதீன். தொத்தன். எர்ரப்பன்."

"இன்னொருவாட்டி வாசிப்பா"ன்னு ஒரு குரல். நல்லாயி. அவன் திரும்ப வாசிச்சான். பேச்சின்னு வந்ததும், "அது எங்க இருக்கு? வெரலை வச்சுக் காட்டு"ன்னா. காட்டுனான். அவ அந்த எழுத்து மேல உள்ளங்கையை வச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டா.

இன்ஸ்பெக்டர் ஓடியாந்தான். வாசிச்சான். மூஞ்சி வெளுத்துப்போச்சு. "கிழிங்கடா! கிழிங்கடா எல்லாத்தையும்!"னான்.

போலீசுக்காரன் கையை வைக்கப் போனான். அப்பத்தான் கூட்டத்துல ஒருத்தன் கத்துனானாம், "ஏய்! சர்க்கார் நோட்டீசு அது! கிழிச்சா ஆறு மாசம்! அதுலயே போட்டிருக்கு, வாசிச்சுப் பாரு!"

"ஆறு மாசம்! ஆறு மாசம்!"னு கூட்டமே கத்துச்சு. மேல கிரீடம், நடுவுல கலெக்டர் பேரு. கிழிக்கவா, வேண்டாமான்னு தெரியாம, பசை காயாத கையோட போலீசுக்காரனுக முழிச்சானுக. அந்தக் காலை, சங்கு மூணுதடவை ஊதுச்சு. ஒருத்தரும் உள்ள போகலை. கலெக்டர் காரு வாசலுக்கு வந்து, ஆளில்லாத மில்லைப் பாத்துட்டுத் திரும்பிப் போச்சு. அப்புறம் தடியடி. பாதி ஊரு மண்டை ஒடைஞ்சுச்சு. மதிலைத் தண்ணி ஊத்திச் சொரண்டுனானுக. ஆனா ஆயிரம் பேரு வாசிச்சதை எங்கிட்டுச் சொரண்ட?

சீனியம்மாவை அச்சாபீசுலயே பிடிச்சாக. ஓடலை. அன்னிக்கும் வேலைக்கு வந்திருந்தா.

ஸ்டேஷன்ல என்ன செஞ்சாகன்னு அவ யாருகிட்டயும் சொன்னதில்லை. சொல்லாததை நாம சொல்ல வேண்டாம்.

கேசு கோர்ட்டுக்கு வந்துச்சு. கேசுன்னு வந்தா குத்தம் என்னன்னு எழுதணும்ல? என்ன அச்சடிச்சான்னு எழுதுனாத்தானே குத்தம்? ஆக, குத்தப் பத்திரிகையில பதினோரு பேரையும் எழுத வேண்டியதாப் போச்சு. கோர்ட்டு நெறைய ஜனம். குமாஸ்தா எந்திரிச்சு வாசிக்கணும். தர்மலிங்கம் சாட்சிக் கூண்டுப் பக்கம் தலையைத் தொங்கப் போட்டு உக்காந்திருந்தான். குமாஸ்தா வாசிச்சான். ராக்குன்னான். சீனியம்மா நிமிந்தா. பேச்சின்னான். நல்லாயி எந்திரிச்சு நின்னா. குருவம்மான்னான். அவ அப்பன் எந்திரிச்சான். ஒவ்வொரு பேருக்கும் ஒரு வீடு எந்திரிச்சுச்சு. "உக்காருங்க, உக்காருங்க"ன்னு டவாலி கத்துறான். ஒருத்தரும் உக்காரலை.

மாஜிஸ்திரேட்டு கேட்டாராம், "நோட்டீசுல மேல இருக்குறது சர்க்காருடையது. கீழ இருக்குறது உன்னுடையதா?"

"என்னோடது இல்லைங்க. செத்தவுகளோடது."

"உனக்கு ஒத்தாசை பண்ணினது யாரு?"

பின்னால ராவுத்தரு எந்திரிக்கப் பாத்தாரு. சீனியம்மா திரும்பி ஒரு பார்வை பாத்தா. குழாயடிப் பார்வை. அவரு உக்காந்துட்டாரு.

"இந்த ரெண்டு கையிங்க"ன்னு தூக்கிக் காட்டுனா. ஒரு வெரலு கோணிப்போய் இருந்துச்சு.

ரெண்டு வருசம் போட்டாக. தர்மலிங்கத்துக்கு வேலை போச்சு. கையெழுத்து அவனுடையதுதானே? முத்திரை குத்துனவனே நீதான்னு வெள்ளைக்காரன் அவனையே தொலைச்சுட்டான். மில்லு மொதலாளிக்கு என்ன ஆச்சுன்னு கேப்பீக. ஒண்ணும் ஆகலை. அடுத்த வருசம் பட்டம் குடுத்தாக. மில்லு ரிஜிஸ்தர்ல கடைசி வரைக்கும் அந்தப் பதினோரு பேரும் ஆப்சென்ட்தான். ஆனா கோர்ட்டு நகலை நல்லாயி வாங்கிட்டா. தீயில் செத்தவர்கள்னு போட்டு, கீழ பேரோட, முத்திரையோட. அதை மடிச்சுக்கிட்டு, ஓடிப்போனான்னு சொன்ன ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் போய் நின்னு, "வாசி. சத்தமா வாசி"ன்னாளாம். அதுக்கப்புறம் அந்தப் பேச்சை எவனும் எடுக்கலை. கொட்டகைக் கதவுல வெளித் தாழ்ப்பாளையும் மில்லுக்காரனே கழத்திட்டான். ஏன் கழத்துனேன்னு யாருகிட்டயும் சொல்லலை.

சீனியம்மா வெளிய வந்தப்ப ஜெயிலு வாசல்ல சங்கையா நின்னாரு. அவரு ஆறு மாசம் முன்னாலயே வந்துட்டாரு. எலும்பும் தோலுமா, இருமிக்கிட்டு. இனி எழுத மாட்டேன்னு சர்க்காருக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்திருந்தாரு. அதை அவரே சொன்னாரு, தரையைப் பாத்துக்கிட்டு. கூட வந்தவுக எல்லாம், இவ வாயில இன்னிக்கு என்ன வருமோன்னு நின்னாக.

"யாரு பேரையாவது காட்டிக் குடுத்தீகளா?"ன்னு கேட்டா.

"இல்ல."

"அப்ப நடங்க. வெயிலு ஏறுது"ன்னா. அம்புட்டுத்தான்.

அவ உள்ள இருந்தப்ப ஒரு உத்தரவு போட்டிருந்தாக: ஊசிமேட்டுல எந்த அச்சாபீசுலயும், எந்தத் தாளுலயும் அந்தப் பதினோரு பேருல ஒரு பேரும் வரக்கூடாது. அதுக்கப்புறம் சிங்கராயர் அச்சாபீசுல அச்சான மொத நோட்டீசு ஒரு மாட்டுச்சந்தை நோட்டீசு. அதோட அடியில பதினோரு புள்ளி. கோத்தது புதுசா வந்த ஆளு, ஆனா அந்தப் புள்ளியை எறக்கினது பிச்சை ராவுத்தரு.

இன்ஸ்பெக்டர் வந்தான். "இது என்னய்யா?"

"புள்ளி சார்"னாரு ராவுத்தரு.

"எதுக்குப் புள்ளி?"

"அழகுக்கு சார்."

வெரலு விட்டு எண்ணுனான். "பதினொண்ணு இருக்கு?"

"எடம் அம்புட்டுத்தான் இருந்துச்சு சார்."

புள்ளி வைக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துலயும் எழுதலை. எழுதவும் முடியலை. அடுத்து வந்த கல்யாணப் பத்திரிகையிலயும் பதினோரு புள்ளி. கோயில் நோட்டீசுல பதினோரு புள்ளி. சர்ச்சுத் திருவிழாவுக்கு, பள்ளிவாசல் கந்தூரிக்கு, எழவு ஓலைக்கு, நாடக நோட்டீசுக்கு. சீனியம்மா பிற்பாடு அதே அச்சாபீசுல இருவது வருசம் எழுத்துக் கோத்தா, ஒரு தாளுலயும் அதை விட்டதில்லை.

வெள்ளைக்காரன் போனான், மில்லு மூடுச்சு, ஈய எழுத்தும் போச்சு. இன்னிக்கும் ஊசிமேட்டுல பெறந்த நாளுக்குப் பெரிய பெரிய பிளெக்ஸ் போர்டு வைக்குறாக பாருங்க, அதுல அடியில, போன் நம்பருக்குக் கீழ, பதினோரு புள்ளி இருக்கும். கம்ப்யூட்டர்ல அடிக்குற பயலைக் கேட்டா, "ஊர் வழக்கம்ணே, வைக்கலைன்னா வாங்க மாட்டாக"ம்பான். வெளியூர்க்காரன் ஒருத்தன், புள்ளி எதுக்கு, அந்த எடத்துல இன்னொரு தலைவர் படம் போடலாமேன்னு கேட்டானாம். ஊர்க்காரக கடைக்காரன்கிட்டச் சொன்னாகளாம்: "படத்தை வேணும்னா எடு. புள்ளியைத் தொடாத." இதுதான் ஊசிமேட்டுப் புள்ளி வந்த கதை. கேட்டவுக கேட்டதைச் சொல்லுங்க, பேரை மட்டும் ஒண்ணு கூடக் கொறைக்காமச் சொல்லுங்க.